பழைய பிளவு மூங்கில் தூண்டில் கோல்கள்: எந்த மீனுக்கு எந்தக் கோல்?

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழம்பொருள் ஆர்வலர்கள் விரும்பி வாங்கும் பிளவு மூங்கில் தூண்டில் கோல்கள், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறு மீன்களுக்காகச் செய்யப்பட்டவை. பயன்பாடு மாறினால் கோல் நிரந்தரமாக வளைந்துவிடலாம், முறிந்தும் போகலாம்.

மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோண வடிவில் சீவிய ஆறு பட்டைகளை அறுகோணமாக ஒட்டி இக்கோல்கள் உருவாக்கப்படுகின்றன. தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து சென்ற 'கல்கத்தா மூங்கில்' பயன்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில், சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் விளையும் 'டோங்கின் மூங்கில்' அதன் இடத்தைப் பிடித்தது.

டிரௌட் கோல்

சுமார் 7 முதல் 9 அடி நீளமுள்ள இலகுவான கோல் இது. செயற்கைப் பூச்சியை ஒரு கையால் வீசுவதற்கானது. இங்கு நூலின் எடையே பூச்சியைக் கொண்டு செல்கிறது. ஈயக் குண்டு கட்டி வீசினால் மெல்லிய நுனி தாங்காது.

சால்மன் கோல்

அகன்ற ஆறுகளில் இரு கைகளாலும் வீசப்படும் இக்கோல் 12 அடிக்கும் மேல் நீளமுடையது. வலுவானது என்றாலும், சிறிய ஓடைகளுக்குப் பொருந்தாது.

கெண்டைக் கோல்

இங்கிலாந்தின் ரிச்சர்ட் வாக்கர் வடிவமைத்த 10 அடி 'மார்க் 4' கோல் இவ்வகையில் புகழ்பெற்றது. 1952-இல் ரெட்மயர் குளத்தில் அவர் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். இக்கோலின் நுனியைச் செங்கோணத்துக்கு வளைக்க ஏறத்தாழ 1.5 பவுண்டு இழுவிசை தேவை. அதை ஐந்தால் பெருக்கினால் பொருத்தமான நூலின் வலிமை கிடைக்கும் என்பது வாக்கரின் கணக்கு. அதன்படி 7.5 பவுண்டு நூல் ஏற்றது. இதைவிட மிக வலுவான நூலைக் கட்டினால், நூல் அறுவதற்கு முன் கோல் பழுதாகும்.

அடையாளம் காண்பது எப்படி?

ரீல் பிடிக்குக் கீழே, கோலின் அடிமுனையில் இருந்தால் அது பெரும்பாலும் டிரௌட் கோல். ரீலுக்கு மேலும் கீழும் பிடி இருந்தால் சால்மன் கோல். நீண்ட தக்கைப் பிடியில் நகரும் வளையங்கள் இருந்தால், இரை கோத்து மீன் பிடிப்பதற்கான கோல் எனக் கருதலாம்.

வாங்குவோர் உலோக இணைப்புகளின் இறுக்கத்தையும், பட்டைகள் பிரிந்துள்ளனவா என்பதையும் சோதிப்பது அவசியம். பழைய பசை ஈரத்தில் இளகக்கூடும் என்பதால், கோலை நன்கு உலர்த்திய பின்னரே உறையில் இட வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழையும், 1970-களில் கார்பன் இழையும் வந்ததால் மூங்கில் கோல்களின் பயன்பாடு குறைந்தது குறிப்பிடத்தக்கது.