மூன்று நிமிடத்தில் நான் சொன்ன பொய்

பல்கலைக்கழகத்தில் எனக்கு அது இரண்டாம் ஆண்டு. விடுதி மாணவர்கள் எல்லாரும் ஒரு மனநலப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். கைப்பேசியில் 9 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மூன்றே நிமிடத்தில் முடித்தேன். மொத்தம் 27இல் எனக்கு வந்தது 3. கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அது பொய். பல வாரங்களாக நான் சரியாகத் தூங்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம்கூட நகராது. முடிவு அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் 'இல்லை, இல்லை' என்று தட்டினேன்.

படிவம் கண்டுபிடிக்காததை என் அறைத்தோழி கண்டுபிடித்தாள். "தினமும் மூணு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கியே. வா, நானும் கூட வர்றேன்" என்று ஆலோசகரிடம் அழைத்துச் சென்றாள். அவர் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

மருத்துவர் நிதானமாகப் பேசி, எனக்கு இருப்பது மனச்சோர்வுதான் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்தார். அதை என்னிடம் தரவில்லை; கேட்டுக் கேட்டு அவரே குறித்தார். "தூக்கம் வர நேரமாகுதா? நடுவில முழிப்பு வருதா? விடியறதுக்கு முன்னாடியே எழுந்திடுறீங்களா?" தூக்கத்துக்கு மட்டுமே மூன்று கேள்விகள். பதில் சொல்ல நான் எவ்வளவு தயங்கினேன் என்பதையும் கவனித்தார். பேச்சு மெதுவாகியிருக்கிறதா என்பதும் அந்தத் தாளில் ஒரு வரி.

அதன் பெயர் ஹாமில்டன் அளவுகோல் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். மேக்ஸ் ஹாமில்டன் என்ற மனநல மருத்துவர் 1960இல் வெளியிட்டது. 17 அம்சங்கள், அதிகபட்சம் 52. மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அல்ல, இருப்பது எவ்வளவு கடுமை என்று அளக்க உருவானது. நான் விடுதியில் நிரப்பியது பி.எச்.கியூ-9. அது 2001இல் வந்தது, நாமே நிரப்புவது.

அப்படியானால் மருத்துவர் போடும் மதிப்பெண்தான் சரி, நாம் நிரப்புவது வீண் என்று நினைத்தேன். அதுவும் தவறு.

சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் மருத்துவரின் கணக்கில் என் மதிப்பெண் இறங்கியது. "பேச்சில தெளிவு வந்திருக்கு" என்றார். அன்று பி.எச்.கியூ-9ஐ மறுபடி நிரப்பினேன், இம்முறை உண்மையாக. 13 வந்தது. தூக்கம் திரும்பியிருந்தது; ஆனால் வீட்டாரை ஏமாற்றிவிட்டேன் என்ற எண்ணம் போகவில்லை. அந்த வரிக்கு 3 போட்டிருந்தேன். முகத்தைப் பார்த்து யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. மருத்துவர் அந்த வரியில் விரலை வைத்து, "இதைப் பத்திப் பேசலாமா?" என்றார். அன்றுதான் முதன்முதலாக அழுதேன்.

நண்பர்களே, இந்தப் படிவம் தேர்வுத்தாள் அல்ல. இதில் 0 வாங்குவது சாதனையும் அல்ல. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அதுவே நோய் என்று முடிவாகிவிடாது. ஒரு மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் என்று மட்டும் பொருள். ஆனால் ஒன்று: கடைசிக் கேள்வி, வாழ்வதைவிட இறப்பதே மேல் என்று தோன்றியதா என்பது. அதற்கு உங்கள் பதில் 1 என்றாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் உதவி எண் 15555.

என் மதிப்பெண் இப்போது 6. படிவத்தை நிரப்ப எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது.