சொல்லாது விட்ட முற்கூற்று

போட்டித் தேர்வுகளின் தருக்க வினாக்கள் பல, எழுதாமல் விடப்பட்ட வாக்கியத்தையே கேட்கின்றன. நம் மத்ரஸாக்களின் மன்திக் பாடம் இதனை மறைந்த முகத்திமா, அதாவது சொல்லாது விட்ட முற்கூற்று என்னும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்தை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. பின்னர் எர்ணாவூர்க் கரையில் கரிய படலம் ஒதுங்கியது. வாளிகளால் அள்ளினார்கள், மீன் விற்பனை சரிந்தது.

இதை வினாவாக்குவோம்: 'கப்பல்கள் பத்திரமாக நங்கூரமிட்டுள்ளன, ஆகவே எண்ணெய் கசியவில்லை.' இடையே மறைந்திருப்பது, பத்திரமாக மிதக்கும் கப்பல் கசியாது என்பது. அதை மறுத்துப் பாருங்கள், முடிவு நிற்காது. 'கப்பலில் எண்ணெய் இருந்தது' என்றொரு விடையும் தரப்பட்டிருக்கும். அது உண்மைதான், ஆயினும் அதை மறுத்தால் முடிவு வலுக்கவே செய்யும். ஆகவே அது முகத்திமா ஆகாது. மாணவர் பெரிதும் இடறுவது இங்கேதான்.