யானைக் கன்றுகளைக் காணப் புறப்படுவோம்

பாடசாலை விடுமுறைக்கு இன்னும் பல நாட்கள் இருக்கும்போதே மஹய்யாவயின் குடியிருப்புகளில் ஒரு விவாதம் ஆரம்பமாகிவிடும். இம்முறை பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? கதிர்காமம், முன்னேஸ்வரம், நல்லூர் எனத் தலயாத்திரை செய்வதில் நம்மவர் பழகியவர்கள். பெரியோர் அவற்றையே விரும்புவர். பிள்ளைகளோ கோயிலை வேண்டாமென்று சொல்லும் துணிவின்றி, மெல்ல வேறொன்றைக் கேட்பார்கள். அவர்கள் காண விரும்புவது மிருகங்களை.

மேல்நாடுகளில் இதற்கென்றே ஒரு வாழ்க்கை முறை உண்டு. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் அமைந்த வீட்டு வண்டியொன்றில் குடும்பம் முழுவதும் ஏறிக்கொண்டு, மிருகங்கள் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று, அதன் அண்மையிலேயே வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று நாட்கள் தங்கிவருவர். அத்தகைய வண்டிகள் இப்பொழுது இலங்கையிலும் உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. எனினும் அந்த முறை நமக்குப் புதியதென்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். வாடகைக்கு அமர்த்திய பஸ் வண்டியில் கிடாரமும் அரிசி மூட்டையும் பாய்ச் சுருள்களும் ஏற்றி, ஆற்றங்கரையில் சமைத்து, மடத்தில் உறங்கிக் கதிர்காமம் சென்றுவந்த நம் பாட்டன்மார் அறியாத வீட்டு வண்டியா?

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்தது. 2022-இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டுகளில் இத்தகைய பயணங்கள் அநேகமாக நின்றே போயின. பத்து வயதாகியும் கண்டி நகர எல்லையைத் தாண்டாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றார்கள். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

கண்டியிலிருந்து மிருகங்களைக் காணச் செல்வோர்க்கு மூன்று இடங்கள் உண்டு. எல்லோருடைய நாவிலும் முதலில் வருவது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. அதன் வரலாறு சுவையானது, கசப்பும் கலந்தது. ஜெர்மன் தேசத்து ஹாகன்பெக் குடும்பத்தினர் உலகெங்கும் மிருக வியாபாரம் செய்தவர்கள். கார்ல் ஹாகன்பெக் என்பார் 1907-இல் ஹம்பேர்க் நகரில், கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்து மிருகங்களைத் திறந்தவெளியில் காட்டும் பூங்காவைத் திறந்து புகழ் பெற்றார். இன்று உலகில் காணும் திறந்தவெளிப் பூங்காக்களுக்கு அதுவே முன்னோடி. அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் இலங்கையில் குடியேறி, தெஹிவளையில் மிருகங்களைச் சேர்த்துவைக்கும் நிலையமொன்றை நடத்தினார். அந்த நிறுவனம் நொடித்துப்போக, 1936-இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. கசப்பு யாதெனின், இதே ஹாகன்பெக் குடும்பம் 1880-களில் யானைகளோடு இந்நாட்டு மனிதரையும் கப்பலேற்றி, ஐரோப்பிய நகரங்களில் வேலிக்குள் நிறுத்திக் கட்டணம் வாங்கிக் காட்டியது. சிங்களவரும் தமிழரும் அக்கூட்டத்தில் இருந்தனர். மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்லும் மாணவர் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

பிற்காலத்தில் தெஹிவளை தன் மதிப்பைத் தானே உயர்த்திக்கொண்டது. அதன் பணிப்பாளராயிருந்த லின் டி அல்விஸ் அவர்களின் ஆலோசனையைப் பெற்றே 1973-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையும், 1994-இல் திறக்கப்பட்ட அங்குள்ள இரவுப் பூங்காவும் திட்டமிடப்பட்டன. இன்று நம்மவர் சிலர் விமானமேறிச் சென்று வியந்துவரும் அப்பூங்காக்களில் இலங்கையர் ஒருவரின் சிந்தனை இருக்கின்றது.

ஆனால் மஹய்யாவயிலிருந்து தெஹிவளை 120 கிலோமீற்றருக்கு மேல். கொழும்பு நகர நெரிசலையும் கடக்கவேண்டும். சிறு பிள்ளைகளுடன் விடியுமுன் புறப்பட்டாலும் நாளின் பாதி வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். மற்றொன்று அம்பாந்தோட்டை மாவட்டத்து ரிதியகமவில் 2016-இல் திறக்கப்பட்ட சபாரிப் பூங்கா. அங்கே மிருகங்கள் திறந்தவெளியில் உலாவ, மனிதரே வண்டிக்குள் அடைபட்டுச் செல்கின்றனர். முறை நல்லதே. தூரந்தான் ஒரு நாளில் சென்று திரும்ப இடந்தராது. கதிர்காம யாத்திரையுடன் சேர்த்துச் செல்வோர்க்கு அது பொருந்தும்.

எஞ்சுவது பின்னவலை. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். இரண்டு மணி நேரத்துக்குள் சென்றடையலாம். யானைகள் அநாதை இல்லம் அங்கே 1975-இல், தென்னந்தோட்டமாயிருந்த நிலத்தில், மகா ஓயாவின் அருகில் அமைக்கப்பட்டது. தாயை இழந்த கன்றுகள் சிலவற்றுடன் ஆரம்பமான அவ்வில்லம், 1982-இல் யானைகளை இனம்பெருக்கும் முயற்சியிலும் இறங்கியது. 1984-இல் அங்கே முதற் கன்று பிறந்தது. 2021 ஆகஸ்டில் சுரங்கி என்னும் பிடி இரட்டைக் கன்றுகளை ஈன்றபோது நாடே மகிழ்ந்தது. இலங்கையில் 1941-க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. அருகிலேயே 2015-இல் திறக்கப்பட்ட மிருகக்காட்சிச்சாலையும் இருக்கின்றது. ஒரே நாளில் இரண்டையும் காணலாம். பணமும் கால்களும் இடங்கொடுத்தால்.

கண்டிப் பிள்ளைக்கு யானை புதிதா என்று கேட்கலாம். ஆண்டுதோறும் எசல பெரஹராவில் அணியணியாகச் செல்லும் யானைகளைத் தந்தையின் தோளில் அமர்ந்து காணாத பிள்ளை இங்கில்லை. 1988-இல் மறைந்த ராஜா என்னும் கொம்பன் யானையின் உடலைப் பாடஞ்செய்து தலதா மாளிகையில் வைத்திருப்பதையும் அவர்கள் பார்த்திருப்பர். ஆனால் அங்கே அவர்கள் கண்டது பட்டும் மின்விளக்கும் போர்த்திய யானை. அதன் உருவம் தெரியும், இயல்பு தெரியாது. சேற்றை வாரி முதுகில் இறைப்பதும், நீருக்குள் ஒருக்களித்துப் படுத்துத் துதிக்கை நுனியை மாத்திரம் வெளியே நீட்டி மூச்சு விடுவதும், குட்டியைச் சுற்றி நான்கைந்து பிடிகள் அரணாக நிற்பதும் ஆற்றங்கரையில்தான் காணக்கிடைக்கும். முற்பகல் பத்து மணியளவிலும் பிற்பகல் இரண்டு மணியளவிலும் யானைகளை வீதியைக் கடந்து மகா ஓயாவுக்கு நீராட அழைத்துச் செல்வது அங்குள்ள வழக்கம். நம் பயணத் திட்டத்தை அந்த இரு நேரங்களைச் சுற்றியே அமைக்கவேண்டும்.

இங்கே பெற்றோர் முன்கூட்டியே சிந்திக்கவேண்டிய விஷயமொன்று உண்டு. கன்றைக் கண்டதும் பிள்ளை கேட்கும்: “அம்மா, இதோட அம்மா எங்கே?”

மழுப்பாமல் விடை கூறுவதே நலமென்பது எமது கருத்து. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைக் காடுகளில் 5,879 யானைகள் இருந்தன. அவை நடமாடிய காடுகள் பல வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டன. யானை பயிரை அழிக்கின்றது. உழவன் துப்பாக்கியை எடுக்கின்றான், அல்லது உணவுக்குள் வெடிமருந்தை மறைத்துவைக்கின்றான். 2023-ஆம் ஆண்டில் மாத்திரம் 400-க்கும் அதிகமான யானைகள் மடிந்தன. யானையால் உயிரிழந்த மனிதரும் அவ்வாண்டில் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைக் கமக்காரர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் ஒருங்கே இறந்தன. பாழுங்கிணற்றில் விழுந்து கூட்டத்தைப் பிரியும் கன்றுகளும் உண்டு. நிலக்கண்ணிவெடியில் பாதத்தை இழந்த சாமா என்னும் பெண் கன்று பின்னவலைக்குக் கொண்டுவரப்பட்டுப் பல்லாண்டு பராமரிக்கப்பட்டது. யுத்தம் மனிதரை மட்டும் முடமாக்கவில்லை என்பதை விளக்க வேறு பாடம் வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. “சங்கிலி ஏன் போட்டிருக்காங்க?” அநாதையைக் காப்பாற்றியவர்களே அதனை ஆயுள் முழுவதும் கட்டிவைத்தல் தகுமா என்று கேட்போர் நாட்டில் உளர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. 1995-இல் உடவளவையில் ஆரம்பிக்கப்பட்ட யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் வேறு முறையைக் கைக்கொண்டது. அங்கே கன்றுகளுக்குப் பாலூட்டும் வேளையன்றி மனிதர் நெருங்குவதில்லை. பார்வையாளர் தூரத்திலிருந்தே காண்பர். கன்று வளர்ந்ததும் காட்டுக்குள் விடப்படும். பின்னவலையில் வளர்ந்தவை மனிதரோடு பழகிவிட்டன. அவை காட்டுக்குத் திரும்புவதில்லை. உடவளவை முறையே சிறந்ததென்று நாம் எண்ணுகின்றோம். இருந்தும் பின்னவலைக்குச் செல்லவேண்டாமென்று கூறமாட்டோம். ஒரு நாள் கூலியை விட்டுப் புறப்படும் குடும்பத்துக்கு எட்டக்கூடிய இடம் அதுவே. யானையின் மீது இரக்கம் பிறக்கவேண்டுமானால் முதலில் யானையைக் காணவேண்டுமன்றோ? ஒன்றை மட்டும் தவிர்க்கலாம்: அப்பக்கத்தில் தனியார் சிலர் நடத்தும் யானைச் சவாரி. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள். யானைச் சாணத்திலிருந்து செய்யப்பட்ட காகிதக் குறிப்பேடுகள் அங்கே விற்கப்படுகின்றன. அது நல்ல ஞாபகப் பொருள். சாணமென்று அருவருக்கவேண்டாம். தின்ற ஓலையின் நாரை நன்கு அவித்துச் சுத்தஞ்செய்தே காகிதமாக்குகின்றனர். நாற்றம் சிறிதும் இராது.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதற் சிக்கல் நாள் குறிப்பது. ஏனையோர்க்கு விடுமுறை நாள் எதுவோ, அதுவே நகரைத் துப்புரவு செய்யும் நம்மவர்க்கு வேலை மிகுந்த நாள். போயா தினத்திலும் பெரஹரா காலத்திலும் மாநகர சபைத் தொழிலாளர் ஒருவர் ஓய்வு பெறுவது எளிதன்று. ஆகவே ஒரே நாளில் எல்லோரும் விடுப்புக் கேட்காமல், வேலை மாற்றிக்கொள்ள இணங்குவோரை ஒரு மாதம் முன்னரே பேசி வைக்கவேண்டும். தந்தையர் வரமுடியாத வீட்டுப் பிள்ளைகளை அயலார் பொறுப்பேற்றல் நம்மிடையே வழக்கமே. முதியோரை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். வெயில் தாழ இருந்து பார்க்க அப்பாயிக்கும் ஆற்றங்கரையில் நிழல் கிடைக்கும்.

பணத்துக்குச் சீட்டே சிறந்த வழி. ஆறு மாதம் முன்னதாகச் சிறு தொகையாகச் சேர்த்தால் எவர்க்கும் பாரமாகாது. வண்டி வாடகையைப் பேசும்போது டீசல், சாரதியின் உணவு, வண்டி நிறுத்தும் கட்டணம் யாவும் அதில் அடங்குமா என்று தெளிவாகக் கேளுங்கள். பாதி முன்பணத்துக்கு மேல் கொடாதீர்கள்; கொடுத்ததற்குத் துண்டு வாங்குங்கள். இரண்டு மூன்று குடும்பமானால் வான் போதும். பத்துக் குடும்பமானால் பஸ் வண்டியே மலிவு. உள்நாட்டவர்க்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் செலுத்துவதிலும் மிகக் குறைவு. அடையாள அட்டையை மறவாதீர்கள். பாடசாலை மாணவர் குழுவாகச் செல்வதானால் அதிபரின் கடிதத்துடன் முன்கூட்டியே விசாரித்தல் நலம்.

புகையிரதத்தை விரும்புவோர் றம்புக்கனை நிலையத்தில் இறங்கிப் பஸ்ஸில் செல்லலாம். கடுகண்ணாவை மலைச்சரிவில் புகையிரதம் இறங்கும் காட்சிக்கு நிகராக வீதிப் பயணம் எதுவும் இல்லை. ஆயினும் 2025 நவம்பரில் பெய்த பெருமழையும் சூறாவளியும் மலைநாட்டு இருப்புப் பாதைக்குப் பெருஞ்சேதம் விளைவித்தன; கீழ்க் கடுகண்ணாவையில் வீதியோரம் பாறை சரிந்து உயிர்கள் பலியாயின. எனவே வீதியானாலும் இருப்புப் பாதையானாலும், புறப்படுவதற்கு முதல் நாள் நிலைமையைக் கேட்டறியாமல் செல்லற்க. விடாமழை பெய்யுமாயின் பயணத்தைத் தள்ளிவைப்பதில் வெட்கமில்லை.

காலை ஆறரைக்குப் புறப்பட்டால் பேராதனையைக் கடந்து ஏழரைக்குள் கடுகண்ணாவையை அடையலாம். அங்கே பாறையைக் குடைந்து வீதி அமைத்திருப்பதையும், இவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வளைவுகளில் வாந்தி வருவது சகஜம். தேசிக்காய் ஒன்றை முகரக் கொடுத்து முன் ஆசனத்தில் அமர்த்துவதே எமது கைகண்ட மருந்து. மாவனெல்லைக்கு அப்பால் தோன்றுவது உதுவன்கந்தை மலை. 1864-இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட சரதியேல் ஒளிந்திருந்த இடம். கதை சொல்லத் தெரிந்த தாத்தா ஒருவர் வண்டியில் இருந்தால் கரண்டுப்பனைச் சந்தியில் திரும்பும்வரை பிள்ளைகள் சத்தமிடமாட்டார்கள்.

உணவை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். ஆற்றோரக் கடைகளில் விலை பிரயாணிகளை நோக்கியே வைக்கப்பட்டிருக்கும். காலைக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும், பகலுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் வெயிலில் கெடாதவை. வாழையிலையில் கட்டினால் மிச்சம் எதுவும் ஆற்றோரத்தில் கிடக்காது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி வேண்டாம். வாழைப்பழத்தை யானைக்கென்று பிள்ளைகள் ஒளித்து வைப்பார்கள். காவலர் அனுமதியின்றி எதையும் கொடுக்கக்கூடாதென முன்னரே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நீராட்டைக் கண்டு நான்கு மணிக்குள் வண்டியேறுதல் அவசியம். மாலை மழையும் பனிமூட்டமும் சூழ்ந்தபின் கடுகண்ணாவை ஏற்றம் சாரதிக்கு நல்லதன்று; அத்துடன் நம் வண்டியில் இருப்போர் பலர் மறுநாள் விடியுமுன் தும்புத்தடியுடன் நகர வீதியில் நிற்கவேண்டியவர்கள். ஏழு மணிக்குள் கட்டுகஸ்தோட்டை வீதியில் இறங்கிவிட்டால் அவர்கள் நிம்மதியாக உறங்கலாம். இறங்குமுன் ஆசனங்களின் அடியில் ஒருமுறை பாருங்கள். ஒற்றைச் செருப்பு ஒன்றாவது கட்டாயம் அங்கே கிடக்கும்.