கறுப்புத் திரையில் நிறம் வருவது எப்படி?

லினக்ஸ் டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிட்டால் பெரும்பாலும் கோப்புறைகள் நீலமாகவும், இயக்கக்கூடிய நிரல்கள் பச்சையாகவும் தெரியும். நிரல் அனுப்புவதோ வெறும் எழுத்துகளை. பிறகு நிறம் எங்கிருந்து வருகிறது?

எழுத்தோடு எழுத்தாகத்தான் வருகிறது. நிரல் முதலில் 27 என்ற எண்ணுக்குரிய, கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் குறியை அனுப்புகிறது. அதையடுத்து ஒரு சதுர அடைப்புக்குறி, 31 என்ற எண், எம் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து. இதைக் கண்டதும் டெர்மினல் எதையும் காட்டாமல், இனி வருவதெல்லாம் சிவப்பு என்று எடுத்துக்கொள்கிறது. 32 பச்சை, 34 நீலம், 1 தடித்த எழுத்து. 0 அனுப்பினால் பழைய நிலை. அந்த 0-வை அனுப்ப மறந்த நிரல், தான் முடிந்த பிறகும் சிவப்பை விட்டுச் செல்லக்கூடும்!

எந்தச் சிவப்பு என்பது பயனர் தேர்ந்தெடுத்த வண்ணத் தொகுப்பைப் பொறுத்தது. ஆகவே ஒரே நிரல் இருவர் திரையில் இரு விதமாகத் தெரியும்.

இவ்வகை எஸ்கேப் குறிகளை 1978-இல் வெளியான விடி100 என்ற டெர்மினல் கருவி பரவலாக்கியது. வியப்பு என்னவென்றால், அதன் திரை ஒற்றை நிறம்தான்.

சில நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நிறத்தைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: நோ_கலர் என்ற சூழல் மாறி அமைக்கப்பட்டிருந்தால் நிறம் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தை 2017 முதல் பல நிரல்கள் ஏற்றுள்ளன. புதிதாக நிரல் எழுதுவோரும் அதை மதிக்க வேண்டும்.