சொட்டு நிற்கும் இடம்

பம்பின் முதல் முனையில் அன்னத்தின் கழுத்தைப்போல வளைந்த ஒரு சிறு குழாய். அதன் நுனியிலிருந்து டீசல் நூலாக ஒழுகுகிறது. லாரிக்கு அடியில் படுத்திருக்கும் பையன் கம்பியைப் பல்லில் கொடுத்து ஃபிளைவீலை நெம்பி நெம்பி நகர்த்துகிறான். மேலே குனிந்து நிற்கும் மேஸ்திரி குழாய் நுனியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. "மெதுவா... இன்னும் கொஞ்சம்... நிறுத்துடா!" நூல் அறுந்து சொட்டாகிறது. ஒரு சொட்டு விழுந்து அடுத்தது திரள்வதற்குள் பத்துப் பதினைந்து விநாடி ஆகிவிடுகிறது. "மார்க் எங்க இருக்கு பாரு." "ரெண்டு பல்லு தள்ளி இருக்குண்ணே."

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்து ஷெட்டுகளில் பழைய லேலண்ட் லாரிகளுக்கு டைமிங் வைக்கும் முறை இதுதான். ஸ்பில் டைமிங் என்பார்கள். மின்சாரமோ சிறப்புக் கருவியோ தேவையில்லை. ஒரு வளைந்த குழாய், இரண்டு ஸ்பேனர், பொறுமை போதும். அந்தப் பொறுமை இல்லாததால்தான் எத்தனையோ நல்ல எஞ்சின்கள் காலத்துக்கு முன்பே இறங்கிப்போகின்றன என்பது என் கருத்து.

எஞ்சினுக்குள் எந்தக் கணத்தில் தீப்பற்ற வேண்டும் என்ற கேள்வி பெட்ரோல் லாரிகள் ஓடிய காலத்திலேயே இருந்தது. அன்று டெல்கோ என்று அழைத்த டிஸ்டிரிபியூட்டரைக் கையால் திருப்பி, பாயிண்ட் பிரியும் நொடியை ஒரு சின்ன பல்பின் வெளிச்சத்தில் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது நம் ஊர் பஸ்கள் கரி அடுப்பைச் சுமந்து ஓடின; டி.வி.எஸ். நிறுவனமே கரிவாயுக் கலன்களைச் செய்து விற்றது. கரிவாயு நிதானமாக எரிவது. அதனால் பொறியை இன்னும் முன்னதாகவே தட்டவேண்டும். டைமிங் தெரிந்த ஆளுக்குத்தான் அந்த வண்டி மேட்டில் ஏறும்.

டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதற்குள் நாசில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆனால் பீய்ச்சியதும் பற்றிவிடாது. டீசல் துகளாகி, ஆவியாகி, சூடேற ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி பிடிக்கும். கண்சிமிட்டும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் எஞ்சினில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 12 டிகிரி திரும்பிவிடுகிறது. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பம்ப் டீசலை அனுப்பிவிட வேண்டும். எவ்வளவு முன்பு என்பதுதான் டைமிங்.

பம்புக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர். அது மேலே ஏறித் தன் தலையால் டீசல் வரும் துளையை அடைக்கும் இடத்தில்தான் அழுத்தம் பிறக்கிறது. வளைந்த குழாயில் நூல் அறுவதும் அங்கேதான். பம்புக்குள் நடப்பதைப் பிரித்துப் பார்க்காமல் வெளியிலிருந்தே கண்டுகொள்ள யாரோ யோசித்த இந்த வழியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வேலையின் முறை இது. முதல் சிலிண்டர் அழுத்தத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஆறாம் சிலிண்டரின் வால்வுகளைப் பார்ப்பார்கள். ஆறில் ஒன்று மூடிக்கொண்டே மற்றது திறக்கத் தொடங்கினால், முதலாவது தீக்குத் தயார். 1-5-3-6-2-4 என்ற வரிசையில் முதலாவதும் ஆறாவதும் ஒன்றுக்கொன்று எதிரெதிர் நிலை. பிறகு பம்பின் முதல் முனையைக் கழற்றி, உள்ளிருக்கும் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான துணியில் வைக்க வேண்டும். அந்த வால்வில் ஒரு மணல் துகள் ஒட்டினாலும் பிறகு மிஸ்ஃபயரிங் எங்கிருந்து வருகிறது என்று நாள் முழுக்கத் தேடவேண்டியதுதான். ஆக்சிலேட்டர் முழுதாக அழுந்தியிருக்க வேண்டும். கைப்பம்பை அடித்துக்கொண்டே ஃபிளைவீலைத் திருப்ப வேண்டும். ஃபிளைவீலில் உள்ள டைமிங் மார்க்கைத் தாண்டிவிட்டால் பின்னோக்கி இழுத்து அங்கேயே நிறுத்தக் கூடாது. நன்றாகப் பின்னே கொண்டுபோய் மறுபடி முன்னோக்கி வரவேண்டும். பல்சக்கரங்களுக்கிடையே இருக்கும் இடைவெளி அப்போதுதான் ஒரே பக்கம் நிற்கும். பம்பை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைத் தளர்த்திப் பம்ப் பக்கம் ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்கில் அது இரண்டு டிகிரி. பம்ப் சுற்றுவது கிராங்கின் பாதி வேகத்தில். இந்தக் கணக்கை மறந்து கூடுதலாகத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு.

இந்த வேலை வடசென்னையில் வேரூன்றியதற்குக் காரணம் எண்ணூர். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அங்கே முதலில் பூட்டியது ஆஸ்டின் கார்களை. 1950களின் தொடக்கத்தில் லேலண்ட் காமெட் லாரி வந்தது. 1955இல் நிறுவனத்தின் பெயரே அசோக் லேலண்ட் ஆயிற்று. செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்தது. 1951இல் தொடங்கப்பட்ட பெங்களூர் நிறுவனமான மைக்கோ, ஜெர்மனியின் பாஷ் 1927 முதல் செய்துவந்த வகைப் பம்புகளை நம் நாட்டிலேயே செய்தது. லேலண்ட் எஞ்சின்களை நம் மெக்கானிக்குகள் இன்றும் 370, 400 என்று எண்ணைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அது கன அங்குலக் கணக்கு. 400 என்றால் சுமார் ஆறரை லிட்டர்.

காதால் டைமிங் வைப்பவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பம்பை அப்படி இப்படி அசைத்து, "இப்ப சவுண்டு நல்லா இருக்கு" என்று போல்ட்டை இறுக்குகிறவர்கள். அவர்களுடைய காது பொய் சொல்வதில்லை. நான் அதை மதிக்கிறேன். ஆனால் டைமிங் முன்னே போகப் போக எஞ்சினின் சத்தம் சுறுசுறுப்பாகும், புல்லிங்கும் கூடியதுபோலத் தெரியும். காதுக்கு அது பிடித்துவிடும். பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே தீ அதன் தலையில் அறைவதால் வரும் சுறுசுறுப்பு அது. ஹெட் கேஸ்கெட்டும் பேரிங்கும் சில மாதங்களில் விலை கொடுக்கும். பின்னே போனாலோ எஞ்சின் அமைதியாக இருக்கும்; காலையில் வெள்ளைப் புகை, சைலன்சர் கொதிப்பு, மைலேஜ் இழப்பு. இதற்கு மருந்தாகப் பம்பின் டீசல் அளவைக் கூட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. எரிய நேரமில்லாத டீசலோடு இன்னும் டீசல் சேர்ந்தால் கரும்புகைதான் மிஞ்சும். அளவில் கைவைப்பதற்கு முன் டைமிங்கைப் பாருங்கள். டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடைக்கு அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இதே எஞ்சின்களுக்கு இன்னொரு வாழ்க்கை. அங்குள்ள விசைப்படகுகளில் லேலண்ட் எஞ்சின்கள் ஏராளம். லாரிக்காவது சிக்னல் உண்டு, இறக்கம் உண்டு, மூச்சு விடலாம். வலையை இழுக்கும் லாஞ்ச் எஞ்சினுக்கு மணிக்கணக்கில் ஒரே பாரம். டைமிங் பிசகியிருந்தால் அந்தச் சூடு தணிய வழியே இல்லை. கரையிலிருந்து பல மைல் தள்ளி எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று மீனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும், துறைமுகத்தில் ஸ்பேனர் சத்தம் ஓய்வதில்லை. வருமானம் நின்றுபோன அந்த நாட்களில் கடன் வாங்கியாவது எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்த பிறகு விற்கப்படும் புது லாரிகளில் டைமிங்கைக் கணினி பார்த்துக்கொள்கிறது. வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறது. எந்தக் கையாலும் அது முடியாது. நல்லதுதான். ஆனால் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசைகட்டி ஊர்ந்த டிரெய்லர்களில் கைப்பம்பு வைத்த பழைய வண்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த வரிசையின் புகை எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் சாலையோர வீடுகளுக்குள் போனது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. அங்கே ஆலைகளின் பங்கு பெரிது. ஆனால் வாசலில் நின்று உறுமும் லாரியின் புகையை ஒரு மேஸ்திரி ஒரு முற்பகல் வேலையில் குறைத்துவிட முடியும்.

டைமிங் சரியாக நின்றதும் கப்ளிங்கின் இரண்டு பாதிகளுக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு போடுவது வழக்கம். அடுத்துப் பம்பைக் கழற்றுகிறவருக்கு அது அடையாளம். முப்பது வருட வண்டி ஒன்றின் கப்ளிங்கை ஒருமுறை துடைத்துப் பார்த்தபோது நான்கு கோடுகள் இருந்தன, ஒவ்வொன்றும் வெவ்வேறு கை, வெவ்வேறு ஆழம். எது சரியென்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வளைந்த குழாயை எடுத்துப் பம்பில் மாட்டத் தொடங்கினார்.