இன்னொரு பட்டை வேண்டாம்

பழைய மலை ஜீப் ஒன்றைச் சமதரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஓட்டுநர் உட்காரும் பக்கம் சற்று இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். யார் ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பக்கத்துச் சுமை மட்டும் எப்போதும் இருக்கிறது. சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே அதைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், பட்டறைப் பேச்சில் ‘பட்டை’, தளர்ந்துவிட்டது. இதற்குச் சுலபமாகக் கிடைக்கும் வைத்தியம், ‘கட்டு’ எனப்படும் பட்டை அடுக்கில் தடித்த பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சொருகுவது. கூலி குறைவு, வண்டியும் அன்றே நிமிர்ந்துவிடும். ஆனால் வண்டியையும் அதில் போகிறவர்களின் முதுகையும் சேர்த்தே அது கெடுக்கிறது.

பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். தடிமனுக்கோ முப்படியாகக் கூடும். 6 மி.மீ. பட்டை இருந்த இடத்தில் 8 மி.மீ. பட்டையைப் போட்டால் அதன் விறைப்பு ஏறக்குறைய 2.4 மடங்காகிறது. நீளம் இதற்கு நேர் எதிர்: பட்டையைப் பத்து சதவீதம் நீட்டினாலே விறைப்பில் கால் பங்கு குறைந்துவிடும். அமெரிக்காவில் கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுபவர்கள் செவர்லே டிரக்குகளின் 63 அங்குலப் பின்பட்டைகளைக் கழற்றிப் பழைய டொயோட்டா பிக்கப்புகளில் பொருத்துவது இந்த நீளத்துக்காகத்தான்.

அப்படியானால் ஒரே தடித்த பட்டை போதாதா, எதற்கு இத்தனை அடுக்கு? எஃகை வளைக்கும்போது அதன் ஒரு முகம் இழுபடுகிறது, மறுமுகம் நசுங்குகிறது. தடிமன் கூடக்கூட, அதே அளவு வளைவுக்கு அந்த இழுவையும் கூடுகிறது. 12 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைப் பட்டைக்கும், அதே நீள அகலமுள்ள 6 மி.மீ. பட்டைகள் எட்டுக்கும் விறைப்பு ஒன்றுதான். ஆனால் இரண்டையும் சம அளவு வளைத்தால் தடித்ததன் மேல்தோல் இரண்டு மடங்கு இழுபடுகிறது. விரிசல் அங்கேதான் பிறக்கும். எட்டுப் பட்டைகளுக்கு நான்கு மடங்கு எஃகு செலவாகிறது. பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து நிமிர்ந்தும் உடையாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

அடுக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. வளையும்போது பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி நகர்கின்றன. அந்த உராய்வு துள்ளலை அடக்குகிறது. துரு ஏறிவிட்டால் இதுவே எதிரியாகும். பட்டைகள் நகர மறுத்து, சின்னச் சின்ன அதிர்வுகளெல்லாம் நேராகச் சேஸுக்குப் போய்விடும். பழைய லேண்ட் ரோவர்க்காரர்கள் பலர் பாரபோலிக் பட்டைக்கு மாறியது இதனால்தான். நடுவில் தடித்து முனை நோக்கி மெலியும் இரண்டு மூன்று பட்டைகளே அதில் இருக்கும், இடையில் ஒன்றையொன்று தொடாது. உராய்வு போய்விடுவதால் துள்ளலை அடக்கும் வேலை முழுவதும் ஷாக் அப்சார்பர் தலையில் விழுகிறது. பழைய ஷாக்கை அப்படியே விட்டுவிட்டுப் பாரபோலிக் போடுவது அரைகுறை வேலை.

விறைப்பான பட்டை ஏன் முதுகைத் தின்கிறது? வண்டியின் எடைக்குப் பட்டை 10 செ.மீ. அமுங்குகிறது என்றால், வண்டி வினாடிக்கு ஏறக்குறைய 1.6 முறை ஆடும். 2.5 செ.மீ. மட்டுமே அமுங்கினால் அது 3 முறையைத் தாண்டிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேலும் கீழுமாக அதிகம் வருத்துவது வினாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வு. தடித்த பட்டை சேர்த்து, ஆளில்லாமல் ஓடும் ஜீப் அந்த எல்லையை நோக்கி நகர்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாறைப் பாதையிலோ, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் இடுக்கி மலைச் சாலைகளிலோ தினமும் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வளையாத பட்டை சக்கரத்தைப் பாறையிலிருந்து தூக்கியும் விடுகிறது. தரையைத் தொடாத சக்கரத்தால் இழுக்க முடியாது.

தளர்ந்த பட்டையை நெருப்பில் காட்டி அடித்து வளைத்துத் தருவதும் உண்டு. பட்டையின் எஃகில் கரியோடு சிலிக்கான், குரோமியம், மாங்கனீஸ் போன்றவை சேர்ந்திருக்கும். ஆலையில் அதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் ஏற்றியிருப்பார்கள். பட்டறை நெருப்பு அந்தப் பதத்தைக் குலைத்துவிடும். அப்புறம் அது வில்லாக வெகுநாள் நிற்காது. பழைய பட்டைக்குச் சரியான இடம் கொல்லர் உலை. அங்கே அது நல்ல அரிவாளாகும்.

ஆகவே புதுக் கட்டு வாங்குவதே சரி, அதுவும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதியதானால் சாய்வு திசை மாறும், அவ்வளவுதான். மெயின் பட்டையின் முனையிலுள்ள வளையத்தை, அதாவது கண்ணை, இரண்டாவது பட்டையும் சுற்றி வளைத்திருக்கும் கட்டாகக் கேட்டு வாங்குங்கள். முதல் பட்டை மலையில் உடைந்தாலும் ஆக்ஸில் கழன்று போகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

ஏனென்றால் இந்த வண்டிகளில் பட்டை வெறும் வில் அல்ல, ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்தி வைத்திருப்பதும் அதுவே. லண்டனில் குதிரை வண்டி கட்டிய ஒபதையா எலியட் 1804-இல் காப்புரிமை பெற்ற நீள்வட்டப் பட்டையே, அதுவரை ஆக்ஸில்களை இணைத்து அடியில் நெடுக ஓடிய கனத்த கட்டையைத் தேவையற்றதாக்கியது. மகிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியபோதும் அதே ஏற்பாடுதான். 2010-இல் வந்த மகிந்திரா தாரிலும் பின்பக்கம் பட்டை. 2020-இன் தாரில்தான் பின்பக்கத்துக்கும் சுருள்வில் வந்தது. ரேஞ்ச் ரோவர் 1970-இலேயே நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் போட்டிருந்தது. சுருள்வில் சொகுசானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது எடையை மட்டுமே தாங்கும். ஆக்ஸிலைப் பிடிக்கத் தனிக் கம்பிகளைச் சேஸில் வெல்டிங் செய்ய வேண்டும். ஆள் ஏற்றும் பழைய வண்டியில் உயிர் காக்கும் பிடிப்பை அப்படியொரு வெல்டிங்கிடம் ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நல்ல பட்டையே போதும்.

பூட்டும்போது ஜாக்கியைச் சேஸுக்கு அடியில் கொடுத்து, சேஸை ஸ்டாண்டில் உட்காரவைத்து, ஆக்ஸிலைத் தனியாகத் தாங்க வேண்டும். கட்டை ஆக்ஸிலோடு பிணைக்கும் பழைய யூ-போல்ட்டுகள் ஏற்கெனவே இழுபட்டு நீண்டவை, அவற்றைத் திரும்பப் போடக் கூடாது. பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில், பட்டை முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி எடை இறங்கிய பிறகே முழுதாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டி உயர்ந்திருந்தால் பிரேக் குழாயின் நீளத்தையும் இழுவைத் தண்டின் சாய்வையும் பார்த்துவிட வேண்டும்.

ஓட ஓடப் புதுக் கட்டு படியும், இடையிலிருக்கும் பெயின்ட் நசுங்கும், யூ-போல்ட் தளரும். அப்போது ஆக்ஸிலின் இழுவை முழுவதும் விரல் தடிமனுள்ள சென்டர் போல்ட்டில் விழும். அது அறுந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து, கொண்டை ஊசி வளைவில் வண்டி தன்போக்கில் திரும்பும். சில நூறு கிலோமீட்டர் காலியாக ஓட்டி, நட்டுகளை மறுபடி இறுக்கிய பிறகே ஆட்களை ஏற்றுங்கள்.