ஒரே தொட்டியில் இரண்டு ஆமைகள்: விளையாட்டா, சண்டையா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியாக இருந்தாலும் சரி, கிள்ளான் தரைவீடாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு ஆமை வரும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். மீன் கடையிலோ பாசார் மாலாமிலோ பச்சை நிறத்தில் நீந்தும் குட்டி ஆமையைப் பார்த்துப் பிள்ளை ஆசைப்படும். "ஒன்னு மட்டும் வாங்கினா பாவம், தனியா இருக்கும்" என்று பெற்றோர் இரண்டாக வாங்கி வருவார்கள்.

சில ஆண்டுகள் கழித்துத்தான் சிக்கல் தெரியும். ஒன்று மற்றொன்றின் வாலைக் கடிக்கும். கடிபடும் ஆமை சாப்பிட வராது, மூலையிலேயே ஒதுங்கிக் கிடக்கும். "ரெண்டும் விளையாடுதுங்க" என்று விட்டுவிடலாமா? கூடாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

எந்த ஆமை இது?

கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் அதிகம் காணப்படுவது செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி.

வாங்கும்போது இதன் ஓடு 3 அல்லது 4 சென்டிமீட்டர்தான். வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். பெண் ஆமை ஆணைவிடப் பெரிதாகும். நன்றாகப் பராமரித்தால் 20 முதல் 40 ஆண்டுகள் வரை வாழும். இன்று வாங்கும் பிள்ளை வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் அந்த ஆமை உயிரோடு இருக்கலாம்.

"தனியா இருந்தா பாவம்" என்பது சரியா?

இது மனிதர்களின் நினைப்பு. நாய்க்குத் துணை தேவைப்படுவதுபோல ஆமைக்குத் தேவைப்படுவதில்லை. ஆற்றங்கரை மரக்கட்டையில் பல ஆமைகள் ஒன்றாக வெயில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை நட்புக்காகக் கூடுவதில்லை, வெயில் படும் இடத்துக்காகவே வருகின்றன. அங்கேயும் தள்ளுமுள்ளு உண்டு.

ஆனால் ஆற்றில் ஒரு வசதி இருக்கிறது. தோற்ற ஆமை நீந்திப் போய்விடும். கண்ணாடித் தொட்டியில் அது எங்கே போகும்? நாலு பக்கமும் சுவர். வெளியில் ஒரு நிமிடத்தில் முடியும் சண்டை இங்கே நாள் முழுக்க நீடிக்க இதுதான் காரணம்.

எதற்காகச் சண்டை?

முதலாவது, இடம். ஒரு ஆமை மட்டும் ஏறக்கூடிய திட்டு இருந்தால், பெரியது அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்வதைப் பாசம் என்று நினைத்துப் படம் எடுப்போம். பல நேரங்களில் அது இடப் போட்டி.

இரண்டாவது, உணவு. ஒரே இடத்தில் தீனி போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பாயும். தீனி என்று நினைத்து மற்றதன் விரலையோ வாலையோ கடித்துவிடுவதும் உண்டு. உருவத்தில் வித்தியாசம் அதிகமென்றால் ஆபத்தும் அதிகம்.

மூன்றாவது, இனச்சேர்க்கைக் காலம். ஆண் ஆமை தன் நீண்ட முன்னங்கால் நகங்களைப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் படபடவென ஆட்டும். பெண் மறுத்தாலும் துரத்தும், கழுத்தைக் கடிக்கும். இரண்டு ஆண்கள் இருந்தால் யார் பெரியவன் என்ற மோதல். இளம் ஆமைகள் மிரட்டுவதற்கும் இப்படி நகம் ஆட்டும்.

ஆணா, பெண்ணா?

குட்டியில் கண்டுபிடிக்க முடியாது. ஓடு சுமார் 10 சென்டிமீட்டர் ஆன பிறகே ஓரளவு தெரியும். ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளம், வால் தடித்து நீண்டிருக்கும். பெண்ணுக்கு நகமும் வாலும் குட்டை. முட்டை இருந்த வெப்பநிலைதான் இந்த இனத்தில் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. சூடு அதிகமென்றால் பெண், குறைந்தால் ஆண். ஆகவே கடையில் "இது ஜோடி" என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

பொதுவாக இரண்டு பெண்கள் ஓரளவு ஒத்துப்போகும். இரண்டு ஆண்களைச் சேர்த்து வைப்பது ஆபத்து. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் என்றால் பெண்ணுக்கு ஓயாத தொல்லை. எந்தச் சேர்க்கைக்கும் உத்தரவாதம் கிடையாது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

• வால், கால், கழுத்தில் கடித்த தடம் அல்லது தோல் உரிதல்
• ஒன்று மற்றொன்றை விடாமல் துரத்துவது
• ஒன்று மட்டும் வெயில் திட்டுக்கு ஏறாமலேயே இருப்பது, அல்லது தண்ணீருக்குள் இறங்கவே பயப்படுவது
• ஒன்று கொழுத்து வளர, மற்றது மெலிந்து நிற்பது

கடைசி இரண்டும் முக்கியம். இரத்தம் வராததால் சண்டை இல்லை என்று அர்த்தமில்லை. வெயில் காய முடியாத ஆமையின் ஓடு நாளடைவில் பலவீனமாகும், தோலிலும் ஓட்டிலும் நோய் வரும்.

இரத்தம் வந்தால் என்ன செய்வது?

உடனே பிரித்துவிடுங்கள். வேறு தொட்டி இல்லையென்றால் பெரிய பிளாஸ்டிக் பெட்டியே போதும். காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் தடவி, சில மணி நேரம் உலர்ந்த இடத்தில் வையுங்கள். அழுக்குத் தண்ணீரில் விட்டால் சீழ் பிடிக்கும்.

காயம் ஆழமாக இருந்தாலோ, ஓடு விரிசல் விட்டாலோ, கண் வீங்கினாலோ, சாப்பிட மறுத்தாலோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லா கிளினிக்கிலும் ஆமைக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

காயம் ஆறியதும் மறுபடியும் ஒன்றாக விடலாமா? விடாதீர்கள். ஒரு முறை இரத்தம் வரக் கடித்த ஆமை மீண்டும் கடிக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே தொட்டியை இரண்டாகத் தடுப்பதாக இருந்தால், ஒன்றை ஒன்று பார்க்க முடியாத தடுப்பாகப் போடுங்கள்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் பின்பற்றும் கணக்கு. 20 சென்டிமீட்டர் ஆமை ஒன்றுக்கே 300 லிட்டருக்கு மேல் வரும். வீடுகளில் இருக்கும் இரண்டடித் தொட்டியில் 60 லிட்டர் பிடிப்பதே பெரிய விஷயம். வித்தியாசம் புரிகிறதா?

சேர்த்து வளர்த்தே தீர வேண்டுமென்றால், ஆமைக்கு ஒரு வெயில் திட்டு, அதற்கு மேல் சூடு தரும் விளக்கும் புற ஊதா விளக்கும், பார்வையை மறைக்கும் கல் அல்லது மரக்கட்டை ஆகியவை வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தீனியை வெவ்வேறு பாத்திரத்தில் தனித்தனியாகக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஏற்ற இடம், ஏற்ற உணவு ஆகியவற்றோடு, மற்ற விலங்குகளுடன் சேர்த்தோ பிரித்தோ வைக்கப்பட வேண்டிய தேவையும் அதில் உண்டு. விலங்கை வதைத்தது நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

"ஏரியில விட்டுடலாமே?"

வேண்டாம். இடம் போதாமல் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. இது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதிக்குத் தடை போட்டது. வளர்க்க முடியாத ஆமைக்கு, இடமும் விருப்பமும் உள்ள வேறொரு வீட்டைத் தேடுவதே நல்ல வழி.

கையைக் கழுவ மறக்காதீர்கள்

ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பிள்ளைகளுக்கு நோய் பரவியதால்தான் அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. ஆமையைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால், ஒன்று மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே இரண்டு இருந்தால், தீனி போடும்போது சிறியதன் வாலையும் காலையும் ஒரு முறை கவனித்துப் பாருங்கள்.